தம்பி மாற்றி வைத்த டிரான்ஸ்ஃபார்மர்

கிடார் ஆம்ப்ளிஃபயரில் ஈயம் உருக்கிப் பற்றவைப்பதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பாகம் உள்ளே போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்துப் பார்ப்பேன். அளவு தப்பியது குப்பைக்குப் போகும். கண்டன்சர்களுக்கு முழு மின்னழுத்தம் கொடுத்து, மின்சாரம் கசிகிறதா என்று சோதிப்பேன். வெளியாவது எப்படிப்பட்ட ஒலி என்பதை இந்தத் தேர்வுதான் முடிவு செய்கிறது. அதில்தான் என் தம்பி கைவைத்தான்.

ஆம்புக்கு மரப்பெட்டி செய்வது அவன் பொறுப்பு. நன்றாகவே செய்வான். ஐயம்பேட்டை சர்ச்சில் கிடார் வாசிக்கும் பெண் ஒருவருக்காக ஒரு ஆம்ப் முடித்து, மேசையில் ஓடவிட்டுக் கேட்டு, பெட்டிக்குள் பொருத்தச் சொல்லி அவனிடம் கொடுத்தேன். அந்தப் பெண்ணைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு முதல்முறையாகத் தங்களோடு வாசிக்க ஒரு இசைக்குழுவினர் அழைத்திருந்தார்கள். அது சரியாகப் போனால் அந்தக் குழு அவரைத் தொடர்ந்து கூப்பிடும். போகாவிட்டால் அத்தோடு சரி.

வரவேற்புக்கு முதல் நாள் ஷேர் ஆட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கினார். ஒத்திகையில் தடித்த கம்பிகளை அழுத்தி வாசித்தால் ஒலி கூழாகிறதாம். குழுவினர் முகம் சுளித்தார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்ப நான் வைத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. அந்த இடத்தில், வீட்டில் பழகுவதற்கான சின்ன ஆம்புக்கென்று அலமாரியில் வைத்திருந்த குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருந்தது. இரும்பு குறைந்தால் கீழ்ச்சுரம் தாங்காது. அதற்காகத்தான் கனமானதைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். மறைக்கவே இல்லை அவன்.

"பொம்பளப் பிள்ள, ஷேர் ஆட்டோல தூக்கிக்கினு போவணுமேன்னு மாத்துனேன். பாதி வெயிட்டு கொறஞ்சிருக்குது பாரு."

"யாரக் கேட்டு?"

"கேட்டா நீ உடுவியா?"

பட்டுப்புடவையைக் கையில் ஏந்தி, கனமாக இருந்தால்தான் நல்ல புடவை என்று சொல்லும் ஊர் இது. இவனும் தன் மனைவிக்கு அப்படித்தான் வாங்கினான். அதைச் சொல்லிக் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அந்தப் பெண் கத்தவில்லை. அவனைப் பார்த்து, "அண்ணா, மாடிக்கு சிலிண்டர் நான்தான் தூக்கிக்கினு போறேன். கனமா இருக்குதுன்னு உங்ககிட்ட எப்பனா சொன்னேனா?" என்று கேட்டார்.

கனமானதைத் திரும்பப் பொருத்துவது எளிதாக இல்லை. சின்னதுக்கென்று அவன் போட்டிருந்த துளைகள் குறுக்கே நின்றன. பெட்டியின் அடிப்பலகையையும் மெல்லியதாக இழைத்து வைத்திருந்தான். அவனே அடியில் ஒரு கட்டை கொடுத்தான். நான் பற்றவைத்தேன். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. அந்தப் பெண் தடித்த கம்பியை ஓங்கி மீட்டினார். ஒலி கலங்காமல் நின்றது. இன்னொரு முறை மீட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார்.

தம்பி பெட்டியைத் தூக்கப் போனான். "உடுங்கண்ணா" என்று சொல்லி அவரே தூக்கிக்கொண்டு ஆட்டோ நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் வரவேற்பு முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சிக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னார். கேட்ட பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

"நம்ம வூட்டுலயே பூட்டாப்பா?" என்றான் தம்பி.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.