தொட்டிக்குப் பாரம்

சூரமங்கலத்தில் ரயில்வே துரையின் பங்களாவுக்குப் புதிதாக ஓர் இரும்புக் குளியல் தொட்டி வந்தது. துரை கோடைக்கு ஏற்காடு போய்விட்டார். குளியலறை வேலையைப் பார்த்துக்கொள்ள ஆபீஸ் குமாஸ்தாவான என்னை விட்டுப் போனார். அத்தனை பெரிய பங்களாவில் நானும் ஒரு கொத்தனாரும் மட்டும்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கம். ஒட்டிய கன்னம், புருவத்தில் எப்போதும் சுண்ணாம்பு. ஒவ்வொரு பீங்கான் ஓட்டைப் பதித்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நிற்பார், யாருக்கோ காய்ச்சல் பார்ப்பதுபோல.

கடைசியாக, தொட்டி விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கை அடைக்க வேண்டியிருந்தது.

“ஏனுங்க சாமி, செத்த உள்ள உக்காருங்க. வெறுந்தொட்டியில பூசுனா, துரை எறங்குனதும் பாரத்துல வெடிச்சுத் தண்ணி செவுத்துக்குள்ள போயிருமுங்க.”

துரை கண்டால் என் சீட்டுக் கிழிந்துவிடும். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடுக்காய்ச் சாறு விட்டு அரைத்த சுண்ணாம்பை அவர் விரலால் அழுத்தி அழுத்தி, என்னைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தபோது என் காலடியில் செங்கற்களை அடுக்கினார். “இனி எந்திரிங்க. காயற வரைக்கும் இதுக இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. “இதை முதல்லயே வச்சிருக்கலாமே?”

“செங்கல்லு பேசாதுங்களே, சாமி.”

மறுநாள் அவர் ஊர் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் தொட்டிக்குள் நான் உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகல் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.