காலி நாற்காலியில் அத்தை உட்கார்ந்தார்

என் கணவருக்குத் திருத்தங்கலில் ஒரு சின்ன அச்சகம். காலண்டர் சீசன் வந்துவிட்டால் வீட்டில் அவர் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை "சரி". குழம்பில் உப்பு போதுமா என்றால் சரி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் சரி. விருதுநகரில் ஒரு பள்ளியில் நாள் முழுக்க ஏழாம் வகுப்போடு மல்லுக்கட்டிவிட்டு வரும் எனக்கு, வீட்டிலாவது பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. பதில் வராவிட்டால் என் குரல் ஏறும். குரல் ஏறியதும் அவர், "மெஷின்ல லோடு கெடக்கு டீச்சர்" என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். மிச்சத் திட்டெல்லாம் பைக் புகைக்குத்தான்.

ஒரு ஞாயிறு, சர்ச்சுக்குப் போய்வந்து அவர் போனில் காலண்டர் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்ப்போமே என்று, "ஏங்க, நான் பக்கத்து வீட்டு போஸ்ட்மாஸ்டரோட மதுரைக்கு ஓடிப்போறேன்" என்றேன். போஸ்ட்மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. நடக்கவே கம்பு வேண்டும்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "சரி. வெள்ளனே கெளம்பிருங்க, பொறவு பஸ்ல கூட்டமாயிரும்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுக்களைக்குப் போனதும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பள்ளியில் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். அவளும் அவள் கணவரும் ஓர் ஆலோசகரிடம் போய்வந்திருந்தார்கள். "யாரு சரி, யாரு தப்புன்னு பஞ்சாயத்துப் பண்ண மாட்டாங்கடீ. உள்ளுக்குள்ள என்ன உணர்றோம்னு அதை மட்டும் நோண்டுவாங்க" என்றாள். நாமும் போவோமா என்று கணவரிடம் கேட்டேன். சரி என்றார். எதற்குச் சரி சொன்னோம் என்பது, மருந்துக்கடைக்கு மேலிருந்த அந்த அறைக்குப் படியேறும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கூடவே என் மாமியாரும் வந்திருந்தார். கண் மங்கலாகத் தெரிகிறது என்று சில நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பியதைப் பார்த்து, கண் டாக்டரிடம்தான் கூட்டிப்போகிறோம் என்று முடிவு செய்து ஆட்டோவில் முதல் ஆளாக ஏறிவிட்டார். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனோம்.

ஆலோசகர் சின்னப் பெண். மென்மையாகப் பேசினார். "மேடம் சத்தம் போடும்போது உங்களுக்குள்ள என்ன நடக்குது சார்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல சார். உடம்புல எங்கயாவது ஏதாவது தெரியுதா?"

"நெஞ்சுல ஒரு அடைப்பு. மத்தியானம் பரோட்டா சாப்ட்டேன்."

ஆலோசகர் சிரிக்கவில்லை. இதே அடைப்பு முன்னால் எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்தபடி, "சின்னப்புள்ளைல. எங்கப்பா சத்தம் போடும்போது" என்றார். மாமனார் இறந்து வெகுநாளாகிறது. ஆலோசகர் ஒரு காலி நாற்காலியை இழுத்து எதிரே போட்டார். அதில் அப்பா இருப்பதாக நினைத்து, அன்றைக்குச் சொல்ல முடியாததைச் சொல்லச் சொன்னார்.

"சேர்ல ஆளில்லையே டாக்டர்" என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்த அத்தை நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். இமையை விரலால் விரித்துக் காட்டினார். "பாரு தாயி, வலது கண்ணுதேன்."

நான் வெட்கத்தில் குனிந்துகொண்டேன். ஆலோசகர், "அம்மாவும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றார்.

என் கணவர் எதிரே பார்த்தபடியே ஆரம்பித்தார். "அப்பா..."

"ஏலே, யாரப் பாத்துலே அப்பாங்குறே?" என்றார் அத்தை.

இவர் நிறுத்தவில்லை. "நீங்க சத்தம் போட்டா நான் காட்டுப்பக்கம் ஓடிருவேன். நின்னா அடி விழும், வாயத் தெறந்தா இன்னும் ரெண்டு விழும். இப்ப டீச்சர் சத்தம் போட்டாலும் காலு அது பாட்டுக்குக் கெளம்பிருது. கோவமில்லப்பா. பயம்."

இத்தனை வருஷமும் அது அலட்சியம் என்றே நினைத்திருந்தேன். ஆலோசகர் என் பக்கம் திரும்பினார். "இவுக எப்பவுமே..." என்று தொடங்கினேன். "அவரைப் பத்தி இல்ல மேடம், உங்களைப் பத்தி" என்றார். வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவளுக்குப் பதில் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. "நீங்க போனதும் நான் ஒருத்தி இருக்கிறதே யாருக்கும் தெரியலயோன்னு இருக்கு. அதான் கத்துறேன்."

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கைக்குட்டையை நீட்டினார். அதிலிருந்த அச்சு மை என் மூக்கெல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

அதற்குள் அத்தை எழுந்து, தான் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்து நின்றுகொண்டார். "அவுகள நானும் ஒரு வார்த்த கேக்கணும். புள்ளய அம்புட்டு அடி அடிச்சீகளே, நல்லாவா இருந்துச்சு? நானும் தடுக்கப் பயந்து அடுப்படியில நின்னேனே! போகட்டும், எம்புட்டு மீன்கொழம்பு வச்சேன், ஒரு நா நல்லாருக்குன்னு சொல்லிருக்கீகளா?"

சொல்லிவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"என்ன சொல்றாங்கம்மா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"என்னத்தச் சொல்லுவாக? இப்பவும் வாயத் தெறக்க மாட்டேங்காக." சொல்லும்போதே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மகன் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நிஜக் கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆலோசகரிடமும் தொடர்ந்து போனோம். என் கணவர் இந்த வித்தையைக் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டார். பேப்பர் லோடு தாமதமாக வந்த ஒருநாள் லாரி டிரைவரிடம், "உள்ளுக்குள்ள எனக்கு வருத்தமா இருக்குண்ணே" என்றாராம். வசவை எதிர்பார்த்து வந்த மனிதர் மிரண்டுபோய், "ஆஸ்பத்திரிக்குப் போவமா மொதலாளி?" என்றாராம்.

சண்டை நின்றுவிடவில்லை. போன மாதம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு பைக்கில் போனோம். வழி தவறிவிட்டது. யாரிடமாவது கேளுங்கள் என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"நீ கத்துனா நான் எதுக்கும் உதவாதவன்னு தோணுது."

"நீங்க பேசாம ஓட்டுனா நான் தனியா போறாப்புல இருக்கு."

நடுரோட்டில் நின்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆட்டுக்கூட்டம் ஒன்று எங்களைச் சூழ்ந்துகொண்டது. ஓட்டிவந்தவர், "வண்டி பஞ்சரா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் என் கணவர்.

"அப்பன்னா ஓரமா நின்னு போடுங்க. லாரி வரும்."

ஓரமாகப் போய் நின்று மிச்சத்தையும் பேசி முடித்தோம். பிறகு அந்த ஆட்டுக்காரரிடமே வழி கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பந்தியில் மட்டும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.