ஆர்வில்லா பொறுத்த ஒரு நாள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தெற்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊர் ஹென்ஷாவில், பாலைவனத்துக்குள் நடக்கப் போகிறவர்கள் போலீசிடம் சொல்வதில்லை. ஆர்வில்லா அக்காவிடம்தான் சொல்வார்கள். அவர் சலவைக்கடை நடத்துகிறார். சோப்புத்தூள் வாங்கும்போது, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன்" என்று ஒருவன் சொன்னால் போதும், அந்த ஞாயிறு அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கேயும் குறித்து வைக்கமாட்டார், மறக்கவும் மாட்டார்.

சொன்ன நாளில் ஆள் வரவில்லை என்றால் உடனே தேடும் குழுவுக்குப் போன் செய்யமாட்டார். இன்னும் ஒரு நாள் பொறுப்பார். இது எங்கள் ஊர் மரியாதை. கொஞ்சம் தாமதமானவனைத் தேடி ஹெலிகாப்டர் கிளம்பி, அவன் விசிலடித்துக்கொண்டு எதிரே வந்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும். அப்படி மாட்டிய ஒருவரை இன்றைக்கும் தேவாலயத்தில் 'ராஜா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஹெலிகாப்டர் அனுப்பி அழைத்துவந்தார்களாம். எனக்கு இந்த மரியாதை என்றைக்குமே பிடித்ததில்லை. நான் டயர் கடைக்காரன், தேடும் குழுவிலும் இருக்கிறேன். மரியாதை பார்த்துத் தாமதமாகக் கிளம்பி, விறைத்துப்போன ஆட்களைச் சுமந்து வந்த தோள் இது.

அக்காவின் கணவர் வெர்ல், மண்ரோட்டைச் சமன்படுத்தும் வண்டியை வாழ்நாளெல்லாம் ஓட்டியவர். ரோடு முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பித் திருப்பியே அலுத்துப்போயிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷமே, துணி மடிக்கும் மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டார்.

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது நடந்து பார்த்துடணும்."

"என்ன இருக்கும்? கல்லு இருக்கும், மண்ணு இருக்கும். மேஜையை விடுய்யா, துணி கிடக்கு" என்றார் அக்கா. ஆனாலும் வரைபடத்தின் மூலை பறக்காமல் இருக்க சோப்பு டப்பாவை எடுத்து வைத்தவர் அவர்தான்.

வெயில்காலத்தில் போனால் தண்ணீர் சுமந்தே முதுகு ஒடியும் என்று குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார் வெர்ல். அதற்கும் விலை உண்டு. பகல் சீக்கிரம் செத்துவிடும். தண்ணீரை வடிகட்டும் கருவி உறைந்தால் உடைந்துபோகும் என்பதால், அதைக் கைக்குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். பனி விழுந்து நனைந்தால் களிமண் ரோடு வெண்ணெயாகிவிடும். பிறகு எந்த வண்டியும் உள்ளே போகாது.

வழியில் தண்ணீர் கேன்களைப் புதைத்து வைக்க, வெர்லோடு பழைய சிநேகிதர் டெல்மர் தன் வண்டியில் போனார்.

"டேய், கழுத்து வரைக்கும் ஊத்தாதே. உறைஞ்சா பொளந்துக்கும்" என்றாராம் டெல்மர்.

"எனக்கே சொல்றியா? இங்க ரோடு போட்டதே நான்தான்டா."

"அதான் வர்ற வழியெல்லாம் என் இடுப்பு கேட்டுக்கிட்டே வந்துச்சு, யாருடா போட்டதுன்னு."

கடைசி இடத்தில் மண்வெட்டி எதிலோ இடித்தது. தோண்டினால், வேறு யாரோ எப்போதோ புதைத்த கேன். மூடியே திறக்கப்படவில்லை. புதைத்தவன் அந்த இடம்வரை வந்து சேரவே இல்லை. இருவரும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்த் தங்கள் கேனைப் புதைத்தார்கள். இதை டெல்மர்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

வெர்ல் தனியாகப் புறப்பட்ட காலையில் நான் அக்காவின் கடையில் இருந்தேன்.

"வாரக் கடைசியில பனி கொட்டும்னு ரேடியோவுல சொல்றான்யா" என்றார் அக்கா.

"அதுக்குள்ள நான் இங்க உட்கார்ந்து உன் உசிரை வாங்கிட்டு இருப்பேன்."

"திரும்பி வர்ற நாளைச் சொல்லு."

வெர்ல் கூரையைப் பார்த்தார். "வியாழக்கிழமை. இருட்டுறதுக்குள்ள."

வியாழக்கிழமை இருட்டியது. வெர்ல் வரவில்லை. நான் கடைக்கு ஓடினேன்.

"அக்கா, போனை எடுங்க."

"நாளைக்கு, தம்பி."

"இது உங்க புருஷன்!"

"அதனாலதான். மத்தவன் வீட்டுக்காரிங்க எல்லாம் இதே நாற்காலியில அழுதுகிட்டு ஒரு நாள் பொறுத்திருக்காங்க. என் புருஷன்னா மட்டும் உடனேயா?" குரல் உறுதியாகத்தான் இருந்தது. கைதான் ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளி மதியமே பனி கொட்டத் தொடங்கியது. சாயங்காலம் அக்கா போன் செய்தார். செய்தி கேட்டு டெல்மர் தொப்பிகூட இல்லாமல் கடைக்கு ஓடிவந்தார்.

"இப்பதான் கூப்பிட்டீங்களா? நேத்தே தேடப் போயிருப்பாங்கன்னு நினைச்சேனே! அவன் புதன்கிழமையே வந்திருக்கணும்."

"வியாழன்னுதானே சொன்னாரு?" என்றார் அக்கா.

"உங்களுக்கு அப்படிச் சொன்னான். 'ஊருக்குத்தான் ஒரு நாள் பொறுப்பா, புருஷன்னா பொறுக்கமாட்டா, இருட்டுன உடனே போன் போட்டு என்னை ராஜாவாக்கிடுவா'ன்னான். அதான் ஒரு நாளை அவனே சேர்த்துச் சொன்னான்."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஊரையே அறையலாம் போலிருந்தது. ஊர் மரியாதைக்காக அக்கா ஒரு நாள் பொறுத்தார், அக்கா பொறுக்கமாட்டார் என்று நம்பி வெர்ல் ஒரு நாள் கூட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு நாளைத் தின்றுவிட்டார்கள்.

மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை. ரோடு வெண்ணெயாகியிருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் நடந்தே உள்ளே போனோம். மதியம் ஒரு பாறை இடுக்கில் வெர்லைக் கண்டுபிடித்தோம். கால் முறிந்திருந்தது. கைக்கெட்டிய சுள்ளிகளையெல்லாம் எரித்துத் தீர்த்துவிட்டு, ஊன்றி நடந்த தடியையும் பாதி எரித்திருந்தார். உயிர் இல்லை. தீ அணைந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அறிய, குழுவில் எல்லாரும் செய்வதுபோல நான் கையுறையைக் கழற்றி, சாம்பலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் அக்கா கடையைத் திறந்தார். வெர்லின் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார். நான் உதவிக்கு நின்றேன். எத்தனையோ தேடல்களின் கதையை அந்த மேஜையில் கேட்டவர் அவர், எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"சாம்பல் எப்படி இருந்துச்சு, தம்பி?"

"ஜில்லுன்னு இருந்துச்சுக்கா. வியாழக்கிழமைக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கணும்."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீயும் நாளை மாத்தித்தான் சொல்றியா?"

நான் குனிந்து அடுத்த சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.