எழுநூறு மில்லி

ஜவ்வாது மலையில் பிறந்த செந்தாமரை, அடிவாரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரத்தம் எவ்வளவு போனது என்று கேட்டபோது தோன்றியதைச் சொன்னாள். போனதில் அது பாதிகூட இல்லை. அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். அன்று முதல் அவள் எல்லாவற்றையும் எடைபோட ஆரம்பித்தாள்.

போன மாசியில் தீர்த்தகிரியைக் கொண்டுவந்தார்கள். புளி உலுக்க ஏறியவர், கிளை முறிந்து பாறையில் முகம் மோத விழுந்திருந்தார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் உடைந்திருந்தன. ஆள் நாற்பத்தெட்டு கிலோதான், ஏற்கெனவே ரத்தசோகை.

ஆபரேஷன் தொடங்கி இரண்டு மணி நேரமாகியிருந்தது.

"முந்நூறு மில்லி போயிருக்கும்," என்றார் தாடை சர்ஜன் ராஜவேலு.

செந்தாமரை தன் காகிதத்தைப் பார்த்தாள். உறிஞ்சும் பாட்டிலில் ஆயிரத்து நூறு மில்லி. அதில் எலும்பைக் கழுவ ஊற்றிய சலைன் அறுநூறு. மீதி ஐந்நூறு. ரத்தம் ஊறிய காஸ் துணிகள், காய்ந்த எடை போக இருநூறு கிராம். கிராமுக்கு ஒரு மில்லி.

"எழுநூறு சார்."

"தண்ணியையும் சேத்துட்டீங்களா சிஸ்டர்?"

"கழிச்சிட்டேன் சார். தொண்டையில வெச்ச துணி இன்னும் வெளிய வரல. அது இதுல இல்ல."

கழித்ததில் பிசகியிருந்தால்? மறுபடி கூட்டிப் பார்த்தாள். அதே எண்தான்.

மயக்க டாக்டர் சகிலா மானிட்டரிலிருந்து திரும்பினார். "நாடி நூத்தியிருபதுக்குப் போய்ட்டுது. வலியாலன்னு நெனச்சேன். அஞ்சுல ஒரு பங்கு ரத்தம் போயிருக்கு சார். ஏத்திடலாம்."

ராஜவேலு துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, கசிந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தீர்த்தகிரிக்கென முன்பே ஏற்பாடு செய்திருந்த ரத்தம் வந்தது. நாடி மெல்ல இறங்கியது. கடைசியில் தொண்டைத் துணியை எடுத்து எடைபோட்டபோது இன்னும் நாற்பது மில்லி.

செந்தாமரை வெளியே வந்ததும் தீர்த்தகிரியின் மனைவி மங்கம்மாள் எழுந்து நின்றாள்.

"இன்னா ஆச்சுங்க?"

"நல்லா இருக்காருங்க. ரத்தம் ஜாஸ்தி போச்சு, ஏத்திட்டோம்."

"எவ்ளோ போச்சு?"

"முக்கா லிட்டர் இருக்கும்."

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

மங்கம்மாள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள், பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிய வாயோடு தீர்த்தகிரி மலைக்குப் பஸ் ஏறினார். அடுத்த வாரத்திலிருந்து ராஜவேலு, ஆபரேஷன் நடக்கையில் அரை மணிக்கொருமுறை, தலை நிமிராமலே, "எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்.