முதல் நாளே சோதனை

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹோம்புஷ் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் விட்டுவந்தது, நாங்களே சேர்ந்து தொடங்கிய வீட்டுப் பள்ளிக்கூடம். முதல் நாளே வெளியேறியவன் நான்.

அவளுக்கு எட்டு வயது. பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியை, வீட்டில் தமிழை நிறுத்தினால்தான் பிள்ளை முன்னுக்கு வரும் என்றார். நிறுத்தினோம். பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். இதேபோல அடிபட்ட இன்னும் மூன்று குடும்பங்கள் சேர்ந்தன: ஒரு சோமாலித் தாய், தொங்காத் தீவிலிருந்து வந்த தம்பதி, கணக்காளராக இருக்கும் எங்கள் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். வீட்டிலேயே படிப்பிப்பதாக அரசாங்கத்தில் முறைப்படி பதிந்துவிட்டு அக்காவின் மாடிப் பிளாட்டில் கூடினோம். எங்கள் நிறத்துப் பிள்ளைகள் வீட்டு மொழியோடு உள்ளே வரக்கூடிய, யாருக்கும் பக்கத்தில் வைத்து அளக்கப்படாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா நல்லவர். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நாலு பிள்ளைகளை ஓர் அறையில் கண்டால் கை சும்மா இருக்காது. கதிரைகள் வகுப்பறைபோல வரிசையாகக் கிடந்தன. எல்லாருக்கும் சோதனைத் தாள். பதினொரு மணிக்குள் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று சுவரில் ஒட்டியாயிற்று. கடைசிப் பெயர் என் மகளுடையது. அவள் மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டாள். அங்கிருந்துதான் இழுத்துவந்தேன்.

அக்கா பின்னால் ஓடிவந்தார். சோமாலித் தாயும், செருப்புக்கூடப் போடாமல்.

"தம்பி, நில்லும்! ஒரு சோதனைக்கே இப்பிடியோ?"

"அங்க அவையள் அளந்தவை. இஞ்ச நாங்களே அளக்கிறம், அக்கா."

"நீர் எட்டாம் வகுப்போட ஓடினவர். உமக்குச் சோதனையெண்டால் பயம்."

"ஓம், பயம்தான். அதைப் பிள்ளைக்குச் சீதனமாக் குடுக்கமாட்டன்."

என்ன சண்டை என்று சோமாலித் தாய் ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன்.

"என் மகன்தானே முதலாவதாக வந்தான்," என்றார். "எனக்கும் அந்தத் தாள் வேண்டாம்."

அக்கா மூச்சு வாங்கினார். "சரி, கழட்டுறன். ஆனா நான் கிழமையில ரெண்டு நாள்தான் வீட்டில. மிச்ச நாள் ஆர் நிக்கிறது? பகல் முழுக்கக் கிடங்கில வேலைக்கு நிக்கிற நீரோ?"

"நான் நிக்கிறன்."

"என்னத்தைப் படிப்பிப்பீர்?"

"தெரிஞ்சதை. தெரியாததை அவையளோட இருந்து படிப்பன்."

மகள் கையை உதறினாள். "அப்பா, என்ர பை மேல கிடக்கு."

கனநாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த தமிழ். திரும்பி நடந்தோம்.

கிடங்கு வேலையை விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு, மரக்கறிச் சந்தையில் பெட்டி இறக்கும் வேலையில் சேர்ந்தேன். பிள்ளைகள் வருமுன், எட்டரைக்கு முடிந்துவிடும்.