எங்கள் வீட்டில் மட்டும் ஓடிய கேசட்

அந்த நாளில் நியூ ஜெர்சியில் நம்மவர்கள் வீடு எதற்குள் நுழைந்தாலும் டி.வி.க்குக் கீழே கறுப்பாக, கனமாக ஒரு வி.சி.ஆர். உட்கார்ந்திருக்கும். அமெரிக்கர்கள் வாங்கும் சாதாரண வி.சி.ஆர். இல்லை அது. இங்கே பதிவான கேசட்டும் அதில் ஓடும், ஊரில் பதிவானதும் ஓடும். ஊர்க் கல்யாணக் கேசட்டை அமெரிக்க வி.சி.ஆரில் போட்டால் வெறும் கோடு கோடாகத்தான் வரும் என்பதால், சோபா வாங்குவதற்கு முன்பே நாங்கள் இதை வாங்கிவிடுவோம். என் வீட்டுக்காரர் வாங்கி வந்த அன்று எங்கள் கல்யாணக் கேசட்டைப் பாதி வரை பார்த்துவிட்டு எடுத்து வைத்தோம். அப்புறம் அந்த மிஷினுக்கு அப்படி ஒரு விசேஷம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அந்த மறதி இன்னொருவர் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

தொண்ணூற்றேழில் எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. அதே வருஷம் எனக்கு வேலையும் கிடைத்தது. விசா வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலம்மாவிடம் ஃபைல் கட்டும் வேலை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாஃப்ட்வேர்காரர்கள். டிகிரி சர்டிபிகேட், கம்பெனி லெட்டர், போட்டோ எல்லாவற்றையும் அடுக்கி, எண் போட்டு, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும். கோயமுத்தூரில் பி.காம். படித்துவிட்டு அஞ்சு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி மாளாது.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் அந்த இங்கிலீஷ்காரர். கால்பந்தாட்டக்காரர், நடுக்களத்தில் ஆடுகிறவர் என்று வக்கீலம்மா சொன்னார். நான் ஏதோ சினிமா ஹீரோ மாதிரி ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் என் உயரம்தான் இருப்பார். முன்மண்டையில் முடி இல்லை, வலது முழங்காலை நீட்டி வைத்துத்தான் உட்கார முடிந்தது. இங்கிலாந்தில் பதினான்கு வருஷம், பெரிய ஊர் டீம் எதிலும் இல்லாமல், இரண்டாம் மூன்றாம் தட்டு டீம்களிலேயே ஆடியிருக்கிறார். இங்கே ஒரு டீம் கூப்பிட்டு இரண்டு வருஷமாக ஆடுகிறார். விசாவை நீட்டித்துக் கொடுத்தால் இன்னும் ஒரு சீசன் ஆடலாம், பிறகு அதே டீமில் பயிற்சியாளராக இருந்துகொள்ளலாம். கொடுக்காவிட்டால் பெண்டாட்டியையும் எட்டு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அந்த முழங்காலை நம்பி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதை அவர் மறைக்காமல் சொன்னார்.

திறமைக்கு ஆதாரமாக மூன்று கேசட் கொடுத்தார். ஊரில் டி.வி.யில் வந்த ஆட்டங்களை அவர் மனைவி பதிவு பண்ணி வைத்தவை. அனுப்புவதற்கு முன்னால் ஓட்டிப் பார் என்றார் வக்கீலம்மா. ஆபீசில் வி.சி.ஆர். இல்லாததால் நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டேன். பளிச்சென்று ஓடியது. புல்தரை, மழை, கூட்டம், எல்லாம் தெரிந்தது. தெரிந்தவர் வீட்டு வி.சி.ஆரையும் இரவல் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை ஃபைலில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து விசா ஆபீசிலிருந்து கேள்விக் கடிதம் வந்தது. அனுப்பிய கேசட்டுகளில் படமே தெரியவில்லை, வெறும் கோடுகள்தான் என்று முதல் பத்தி. இத்தனை வருஷத்தில் இவர் போட்ட கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாமே, இவரிடம் அப்படி என்ன தனித் திறமை என்று இரண்டாம் பத்தி. பதில் சொல்ல ஆறு வாரம்.

கோடுகள் என்ற வார்த்தையைப் படித்ததும் எங்கள் கல்யாணக் கேசட்டுதான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்துக் கேசட்டும் நம்ம ஊர்க் கேசட்டும் ஒரே ஜாதி. இந்த நாட்டில் இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டில் ஓடியதால் ஊரெல்லாம் ஓடும் என்று நினைத்திருக்கிறேன், மடச்சி. தபாலில் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பொய் எனக்கு ஒருநாளும் வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலையில் வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி, ஆட்டக்காரருக்கும் நீயே சொல்லிவிடு என்றார். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

போனில் சொன்னேன். கேசட்டை மாற்றிவிடலாம், இல்லாத கோலுக்கு எங்கே போவது என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

கேசட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஓக் ட்ரீ ரோட்டில் கல்யாணக் கேசட்டுகளை அமெரிக்க முறைக்கு மாற்றிக் கொடுக்கும் குஜராத்திக் கடை ஒன்று இருந்தது. வருகிற எல்லோரிடமும் கேட்பது போல, கல்யாணமா நிச்சயதார்த்தமா என்று கடைக்காரர் கேட்டார். கால்பந்து என்றதும் மேலும் கீழும் பார்த்தார்.

கோல் விஷயம்தான் இடித்தது. நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கேசட்டைப் பார்த்தோம். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளாத மனுஷன் அவர். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இந்தாளு சும்மா நடுவுல ஓடிட்டே இருக்காரு. பந்து வந்தா பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுத்துடறாரு. இதுல என்னத்த எழுதுவ?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கடைசியில் ஆட்டக்காரரையே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். பழைய கேசட்டுகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்க அவருக்குத் தெரிந்த வட்டாரத்தில் எங்கள் வி.சி.ஆரை விட்டால் வேறு இல்லை. மனைவியோடும் மகளோடும் வந்தார். போண்டாவும் இஞ்சி டீயும் கொடுத்தேன். போண்டாவை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள், பிறகு இரண்டாவது தட்டும் காலி. அவர் டி.வி. பக்கத்தில் தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "பந்தைப் பார்க்காதீங்க. என்னை மட்டும் பாருங்க."

பார்த்தேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு தரம் திரும்பி முதுகுப்பக்கம் பார்க்கிறார். இவர் டீமின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் ஆசையாக முன்னால் ஓடுகிறான். உடனே இவர் அவன் விட்டுப்போன இடத்தில் போய் நிற்கிறார். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். நான் பின்னால் நிற்கிறேன் என்று தெரிந்ததால்தான் அவன் போகிறான் என்றார். அவன் கோல் போட்டான். எல்லோரும் அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். இவர் நடுக்களத்தில் தனியாக நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று என் அண்ணன் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க ஒரு ஆள் வேண்டும். எந்த இலையில் என்ன குறைகிறது, அடுத்த பந்திக்குச் சாதம் வெந்துவிட்டதா, யார் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் சரியாக இருந்தால் அவர் இருந்ததே யாருக்கும் தெரியாது. என் கல்யாணத்தில் அது அண்ணன்தான்.

அப்புறம் எனக்கு எழுத வந்துவிட்டது. எத்தனையாவது நிமிஷம், இவர் எங்கே நின்றார், நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று ஆட்டத்துக்கும் எழுதினேன். பதினோரு பக்கம். இத்தனை யார் படிப்பார்கள் என்றார் வக்கீலம்மா. படித்துப் பார்த்துவிட்டு ஒரு வரியும் வெட்டவில்லை. புதுக் கேசட்டுகளை இந்த முறை பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டியின் வி.சி.ஆரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஐந்து வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை வக்கீலம்மா ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் மேஜையில் வைத்தார். நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்கள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆசை தீர அழுதேன்.

அன்று சாயங்காலமே ஆட்டக்காரர் வந்தார். கையில் வக்கீலம்மா படிக்கக் கொடுத்திருந்த என் பதினோரு பக்கத்தின் பிரதி. அது தனக்கு வேண்டும், வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பதினான்கு வருஷத்தில் தான் என்ன செய்தோம் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் எங்கள் கல்யாணக் கேசட்டை எடுத்துப் போட்டேன். இந்த முறை பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அண்ணனை மட்டும் தேடினேன். மூன்று மணி நேரத்தில் நாலே இடத்தில் இருந்தான். நாலிலும் முதுகுதான். தாலி கட்டும்போது மேடையில் அவன் இல்லவே இல்லை. உடனே ஊருக்குப் போன் போட்டேன். தாலி கட்டறப்போ எங்க போயிருந்த என்று கேட்டதும் சிரித்தான்.

"ரெண்டாம் பந்திக்குச் சாம்பார் பத்துல கண்ணு. சமையல்கட்டுல நின்னுட்டிருந்தேன்."

"அப்ப நீ பாக்கவே இல்லயா?"

"கேசட்டுல பாத்துக்கலாம்னு இருந்தேன். நீதான் அதைய அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போயிட்டியே."

ரிசீவரை வைத்துவிட்டு நேராக ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனேன். கேசட்டை நீட்டினேன். அமெரிக்க முறைக்கு மாற்ற வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், ஊரில் ஓடுகிற மாதிரியே ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள் என்றேன்.