கால்வாய் கேட்டு நாங்க கொடுத்த மனு

காலையில கடைக்குப் போனா, நகராட்சி ஆள் ஒருத்தர் என் மாட்டுத்தீவனக் கடையோட பக்கச் சுவத்துல, வாசல்லேர்ந்து நாலடி உள்ள தள்ளி சிவப்புக் கோடு போட்டுக்கிட்டு இருக்கார்.

"என்ன சார் இது?"

"மழைநீர்க் கால்வாய்ங்க. கூட்டத்துல தீர்மானம் ஆயிடுச்சு. கோடு வரைக்கும் இடிக்கணும்."

"யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?"

போன்ல மனுவைக் காட்டினார். முதல் கையெழுத்து என்னுது.

மழை பெஞ்சா தெருத்தண்ணி உள்ள வந்து, திருமானூர்லேர்ந்து எடுத்த தவிட்டு மூட்டையெல்லாம் ஊறிப்போவுது. அதான் தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். கால்வாய் எதிர்வரிசையில வரும்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

எதிர்வரிசை டயர் கடை பாய் வந்தார். "நான் உங்க பக்கம் வரும்னு நினைச்சுத்தாண்ணே கையெழுத்துப் போட்டேன். எனக்கும் கோடு போட்டுட்டாங்க."

மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம சரக்கு எடுக்காதவன் நான். மனுவுல எந்தப் பக்கம்னு எழுத விட்டுட்டேன்.

இப்ப ஒண்ணும் புரியல. கால்வாய் வரலன்னா ஐப்பசியில தண்ணி கடைக்குள்ள வரும். கால்வாய் வந்தா பாதிக் கடை போயிடும்.

"நடுரோட்டுல தோண்டச் சொல்லி இன்னொரு மனு போடுவோம்ணே"ங்கிறார் பாய்.

விவரம் தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. பாய் புது மனுவுல கையெழுத்துப் போட்டுட்டார். பேனா என் கையில இருக்கு.